‘லுக் அட் இட்’ சரி, ‘டர்ன் ஆஃப் இட்’ மட்டும் ஏன் தப்பு?

செவ்வாய்ப்பேட்டை:
பிளஸ் டூவுக்கும் டிஎன்பிஎஸ்சிக்கும் இங்கிலீஷ் எடுக்கிறவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. பசங்க ‘லுக் அட் இட்’னு சரியா எழுதுறாங்க. அடுத்த வரியிலேயே ‘டர்ன் ஆஃப் இட்’னு எழுதுறாங்க. ‘டர்ன் இட் ஆஃப்’னு திருத்தினா, “அப்போ ‘லுக் இட் அட்’ ஏன் வராது சார்?”னு கேட்கிறாங்க. கேள்வி நியாயமானதுதான். வினையோட சின்னச் சொல் சேர்ந்து வர இந்த ‘ஃப்ரேசல் வெர்ப்’களைக் கைடுல ‘செப்பரபிள்’ (பிரிக்கலாம்), ‘இன்செப்பரபிள்’ (பிரிக்கக் கூடாது)னு ரெண்டு பட்டியல் போட்டு மனப்பாடம் பண்ணச் சொல்லியிருக்கு, காரணம் ஒரு வரிகூட இல்லை. பட்டியல் இல்லாம, வாக்கியத்தைப் பார்த்தே கண்டுபிடிக்க வழி இருக்கா?

சேர்வராயன்:
இருக்கிறது. அந்தப் பட்டியல்கள் குழப்புவதற்குக் காரணம், வினைச்சொல்லைப் பார்த்து வகை பிரிப்பதுதான். பார்க்க வேண்டியது பின்னால் வரும் சின்னச் சொல்லை. அது இரண்டு வேலைகளில் ஒன்றைச் செய்யும்.

ஒன்று ப்ரெபொசிஷன். தனக்குப் பின்னால் வரும் பெயர்ச்சொல்லைப் பிடித்துக்கொள்ளும். ‘அட் த பிக்சர்’ ஒரே கட்டு. இன்னொன்று அட்வெர்ப் பார்ட்டிகிள். அது வினையோடு சேர்ந்தது, பின்னால் வரும் பெயர்ச்சொல்லோடு அதற்கு ஒட்டு கிடையாது. ‘டர்ன் ஆஃப் த லைட்’டில் ‘ஆஃப் த லைட்’ என்று ஒரு கட்டே இல்லை. ‘த லைட்’ என்பது ‘டர்ன் ஆஃப்’ முழுவதற்கும் ஆப்ஜெக்ட்.

ஏற்காட்டுக்குப் போய்வரும் ஒருவனை வைத்து இரண்டு வாக்கியம் எழுதுங்கள்.

‘ஹி ரேன் அப் எ ஹில்.’ மலைமேல் ஓடினான்.
‘ஹி ரேன் அப் எ பில்.’ லாட்ஜில் பில்லை ஏற்றிவிட்டான்.

கண்ணுக்கு இரண்டும் ஒன்று. இனி சோதனை.

முதலில் பெயர்ச்சொல்லை நடுவில் கொண்டுவாருங்கள். ‘ஹி ரேன் எ பில் அப்’ நிற்கும். ‘ஹி ரேன் எ ஹில் அப்’ நிற்காது. அடுத்து பெயர்ச்சொல்லுக்குப் பதில் ‘இட்’ போடுங்கள். பில்லுக்கு ‘ரேன் இட் அப்’ மட்டும்தான், மலைக்கு ‘ரேன் அப் இட்’ மட்டும்தான். மூன்றாவதாக நடுவில் ‘க்விக்லி’யைச் செருகுங்கள். ‘ரேன் க்விக்லி அப் த ஹில்’ சரி, ‘ரேன் க்விக்லி அப் த பில்’ தப்பு, ஏனென்றால் பார்ட்டிகிளும் வினையும் இடையில் இப்படி ஆள் நுழைய விடாது. நான்காவதாகக் கேள்வியாக்குங்கள். ‘அப் விச் ஹில் டிட் ஹி ரன்?’ கொஞ்சம் விறைப்பாக இருந்தாலும் இலக்கணப்படி சரி. ‘அப் விச் பில்’ என்று யாரும் கேட்க முடியாது.

வகுப்பில் நான்கையும் நடத்த வேண்டியதில்லை. முதலும் மூன்றும் போதும். ‘இட்’ சோதனையை முதலில் எடுக்காதீர்கள். எது சரி என்று தெரியாமல்தானே பையன் கேட்கவே செய்கிறான்? ‘இட்’ எங்கே வரும் என்பது மற்ற சோதனைகளின் விடை.

ஆக விதி இதுதான்: பார்ட்டிகிள் என்றால் முழுப் பெயர்ச்சொல் நடுவிலும் வரலாம், கடைசியிலும் வரலாம். ‘இட்’, ‘ஹிம்’, ‘தெம்’ போன்ற ப்ரொனவுன் கட்டாயம் நடுவில். ப்ரெபொசிஷன் என்றால் எதுவானாலும் அதற்குப் பின்னால்தான்.

கன்னங்குறிச்சி:
சேர்வராயன் எழுத்தில் பார்க்கச் சொல்கிறார். காதால் கேட்டாலே பாதி தெரிந்துவிடும். ‘டர்ன் இட் ஆஃப்’ என்று சொல்லும்போது அழுத்தம் ‘ஆஃப்’ மேல் விழும். ‘லுக் அட் இட்’டில் அழுத்தம் ‘லுக்’ மேல். ‘அட்’ அரைகுறையாக, உயிரெழுத்தே சுருங்கிப்போய், ‘லுக்கட்டிட்’ என்று ஒரே மூச்சில் வரும். நம் பிள்ளைகள் எல்லாச் சொல்லையும் ஒரே எடையில் படிக்கிறார்கள். அதனால் இந்த வித்தியாசம் அவர்கள் காதில் ஏறுவதே இல்லை.

இரண்டு எச்சரிக்கை. ‘டர்ன் ஆஃப் த லைட்’ என்று பெயர்ச்சொல் கடைசியில் வந்தால் பெரிய அழுத்தம் ‘லைட்’டுக்குப் போய்விடும். ஆகவே ப்ரொனவுன் போட்டுத்தான் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். அடுத்தது, ‘ஆஃப்டர்’, ‘ஓவர்’, ‘இன்ட்டு’ மாதிரி இரண்டு அசை உள்ளவை ப்ரெபொசிஷனாக இருந்தாலும் முழுசாகச் சுருங்காது. அவற்றுக்குக் காதை நம்பாதீர்கள். சேர்வராயன் சொன்ன இடமாற்றச் சோதனைதான் சரி.

ஜங்ஷன்:
சார், ஒரு சந்தேகம். ‘கெட் ஆஃப் த பஸ்’. இதுல ‘காட் ஆஃப் இட்’னுதான் வரும்னு எங்க மேடம் சொன்னாங்க. அதே ‘ஆஃப்’தானே? ‘டர்ன் ஆஃப்’ல பார்ட்டிகிள்னா இங்க ஏன் இல்ல?

சேர்வராயன்:
உங்கள் மேடம் சொன்னது சரி. ‘ஆஃப்’, ‘ஆன்’, ‘அப்’, ‘டவுன்’, ‘இன்’, ‘ஓவர்’, ‘த்ரூ’, ‘அக்ராஸ்’, ‘ரவுண்ட்’ எல்லாம் இரட்டை வேடம் போடுபவை. ‘ஆஃப் த பஸ்’ என்றால் பஸ்ஸிலிருந்து என்று அர்த்தம், கட்டு முழுசாக நிற்கிறது, ஆகவே ப்ரெபொசிஷன். ‘த பஸ் ஸ்டாப்ட் அண்ட் வீ காட் ஆஃப்’ என்று பஸ்ஸைச் சொல்லாமல் விட்டால் அதே ‘ஆஃப்’ பார்ட்டிகிளாகிவிடும். டப்பா மூடியைக் கழற்றுவதற்கு ‘கெட் த லிட் ஆஃப்’, ‘கெட் இட் ஆஃப்’. இதிலும் பார்ட்டிகிள்தான். வினை மூன்றிலும் ஒன்றே. வினையை வைத்துப் பட்டியல் போடுவது ஏன் உதவாது என்று இப்போது தெரிகிறதா?

‘அட்’, ‘ஃபார்’, ‘ஃப்ரம்’, ‘வித்’, ‘இன்ட்டு’, ‘ஆவ்’ (ஒரு எஃப் போட்டு எழுதுவது) இவை எப்போதும் ப்ரெபொசிஷன். ‘அவே’, ‘பேக்’, ‘அபார்ட்’, ‘டுகெதர்’ எப்போதும் பார்ட்டிகிள் பக்கம். மனப்பாடம் பண்ணியே தீர வேண்டும் என்றால் இந்தப் பத்துப் பன்னிரண்டு சொல்லைப் பண்ணினால் போதும்.

பஸ் என்று வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். ‘கெட் டவுன் ஃப்ரம் த பஸ்’ நம்மூர் இங்கிலீஷ். வெளியே பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் ‘கெட் ஆன்’, ‘கெட் ஆஃப்’. காருக்கும் ஆட்டோவுக்கும் ‘கெட் இன்’, ‘கெட் அவுட் ஆவ்’.

குரங்குச்சாவடி:
சோதனை எல்லாம் சரிங்க. எங்கே வைக்கிறதுன்னு தெரிஞ்சுக்கலாம். அர்த்தம்? அதுக்கு ஒரு வழி வேணுமில்ல?

நம்ம தமிழையே பாருங்க. எழுது, எழுதி வை. தின்னு, தின்னு தீர். கிழி, கிழிச்சுப் போடு. முதல் வினை செயலைச் சொல்லுது, பின்னால வர துணைவினை அந்தச் செயல் எப்படி முடிஞ்சதுன்னு சொல்லுது. இங்கிலீஷ்ல அந்த வேலையில பாதியைப் பார்ட்டிகிள் பார்க்குது. ‘ரைட் டவுன்’ எழுதி வை. ‘ஈட் அப்’ தின்னு தீர். ‘டேர் அப்’ கிழிச்சுப் போடு. ‘அப்’னா முழுசா முடிக்கிறது, ‘ஆஃப்’னா பிரியறது, ‘ஆன்’னா தொடர்ந்து போறது, ‘பேக்’னா திரும்ப, ‘அவே’ன்னா விலகி. இப்படிச் சொல்லிக்கொடுத்தா புதுசா ஒண்ணு வந்தாலும் பையன் ஊகிச்சுக்குவான்.

இன்னொண்ணு. ‘லைட்டை ஆஃப் பண்ணு’ன்னு நாம சொல்றோமே, அதுல ‘டர்ன்’ எங்கே போச்சு? நாம எடுத்துக்கிட்டது பார்ட்டிகிளை மட்டும்தான். அர்த்தம் அதுலதான் இருக்கு. இங்கிலீஷ்காரனும் ‘த லைட் இஸ் ஆஃப்’னுதான் சொல்றான். ஆனா இந்தப் பழக்கத்துல பையன் ‘ஆஃப் த லைட்’, ‘ஆன் த ஃபேன்’னு எழுதிடறான். அங்கே ‘ஆஃப்’ தனியா வினையா நிக்காது, ‘டர்ன்’ இல்லைன்னா ‘ஸ்விட்ச்’ வேணும். ‘புட் ஆஃப் த லைட்’ நம்ம பக்கம் ஓடும், பழைய பிரிட்டிஷ் வழக்குலயும் உண்டு. பரீட்சையில எழுத வேணாம், ‘புட் ஆஃப்’னா தள்ளிப்போடுறதுன்னுதான் எடுத்துக்குவாங்க.

சேர்வராயன்:
துணைவினை ஒப்பீடு நன்றாக இருக்கிறது, எடுத்துக்கொள்கிறேன். ‘அப்’ முடிவைக் காட்டுகிறது என்பதற்குச் சோதனையும் உண்டு. மல்கோவாவை வைத்துச் சொன்னால், ‘ஹி ஏட் அப் த மேங்கோ இன் டென் மினிட்ஸ்’ சரி. ‘ஃபார் டென் மினிட்ஸ்’ வராது. தின்று தீர்த்த பிறகு பத்து நிமிஷமாகத் தின்றுகொண்டிருக்க முடியாதே.

ஆனால் ஊகித்துக்கொள்வான் என்பதை ஏற்க மாட்டேன். வீடு எரிந்தால் ‘பர்ன் டவுன்’, காகிதம் எரிந்தால் ‘பர்ன் அப்’. வேகம் குறைவதற்கு ‘ஸ்லோ டவுன்’, ‘ஸ்லோ அப்’ இரண்டும் உண்டு. படிவம் பூர்த்தி செய்வது பிரிட்டனில் ‘ஃபில் இன்’, அமெரிக்காவில் ‘ஃபில் அவுட்’. நாம் ‘ஃபில் அப்’ என்கிறோம், அவர்கள் அதைப் பெட்ரோல் டேங்குக்கு வைத்திருக்கிறார்கள். இதை எந்த ஊகத்தில் பிடிப்பது? ‘கிவ் அப்’, ‘மேக் அப்’ பற்றிச் சொல்லவே வேண்டாம்.

குரங்குச்சாவடி:
கைவிடறதும் ஒரு முடிவுதானே! சரி விடுங்க, ‘மேக் அப்’புக்கு என்கிட்ட பதில் இல்ல. நூத்துக்கு நூறு வரும்னு நான் சொல்லலை. படிச்சதை நினைவுல வைக்க உதவும், அவ்வளவுதான். ‘டிரிங்க் அப்’, ‘யூஸ் அப்’, ‘லாக் அப்’, ‘டை அப்’ இந்தக் கூட்டத்தை ஒண்ணா வச்சுப் படிச்சா மறக்காது. அகர வரிசையில ‘கெட் அவே’, ‘கெட் பை’, ‘கெட் டவுன்’னு முப்பது போட்டா ஒண்ணும் நிக்காது.

கன்னங்குறிச்சி:
இடம் மாறினால் அர்த்தமே மாறுவதை வகுப்பில் காட்டுங்கள், பையன்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ‘த டாக் டர்ன்ட் ஆன் ஹிம்’ என்றால் நாய் அவன்மேல் பாய்ந்தது. ‘டர்ன் இட் ஆன்’ என்றால் சுவிட்சைப் போடு. ‘ஐ கேன் ஸீ த்ரூ ஹிம்’ என்றால் அவன் வேஷம் எனக்குத் தெரிகிறது. ‘திஸ் மனி வில் ஸீ ஹிம் த்ரூ’ என்றால் இந்தப் பணம் அவனைக் கரையேற்றிவிடும். சொற்கள் அதேதான், ‘ஹிம்’ நின்ற இடம்தான் வேறு.

பார்ட்டிகிள் இருந்தும் நடுவில் மட்டுமே வரக்கூடியவை சில உண்டு. ‘டெல் அபார்ட்’ அப்படி. வெள்ளிக் கொலுசையும் முலாம் பூசியதையும் பிரித்தறிய முடியவில்லை என்றால் ‘ஐ குட்ன்ட் டெல் த டூ அபார்ட்’ மட்டும்தான். நேர்மாறாக ‘கிவ் அப் ஹோப்’ சேர்ந்தே நிற்கும், ‘கிவ் ஹோப் அப்’ காதுக்கு ஒட்டாது.

ஆப்ஜெக்ட் நீளமாக இருந்தால் நடுவில் வைக்காதீர்கள். ‘ஷி டர்ன்ட் த ஆஃபர் டவுன்’ அழகு. ஆஃபர் யார் கொடுத்தது, எப்போது கொடுத்தது என்று எட்டுச் சொல் சேர்ந்துவிட்டால் ‘டவுன்’ வருவதற்குள் படிக்கிறவன் ‘டர்ன்ட்’டை மறந்திருப்பான். அப்போது ‘டர்ன்ட் டவுன்’ முன்னால், ஆப்ஜெக்ட் பின்னால்.

எஸ்டேட் ரோடு:
ஏற்காட்டில் ரிசார்ட், எஸ்டேட் அலுவலகங்களிலிருந்து போகிற மெயில்களில் திரும்பத் திரும்ப வரும் தப்புகளைப் போடுகிறேன்.

‘வீ லுக் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ.’ தப்பு, ‘டு ஹியரிங்’ வேண்டும். இந்த ‘டு’ ப்ரெபொசிஷன். சோதித்துப் பார்க்க அதன் பின்னால் ‘இட்’ போடுங்கள். ‘லுக் ஃபார்வர்ட் டு இட்’ நிற்கிறதா? அப்படியானால் வினை வந்தால் ‘இங்’ வடிவம்தான். ‘அப்ஜெக்ட் டு’வுக்கும் இதே. ‘வீ ஹோப் டு ஹியர்’ வேறு ரகம், ‘ஹோப் டு இட்’ நிற்காது பாருங்கள்.

‘கோப் அப் வித்’ என்று ஒன்று கிடையாது. ‘கோப் வித்’ போதும். ‘கேட்ச் அப் வித்’, ‘புட் அப் வித்’ பார்த்த பழக்கத்தில் ‘அப்’ ஒட்டிக்கொள்கிறது.

‘டிஸ்போஸ் ஆஃப்’ என்று இரண்டு எஃப் போட்டு எழுதுவது. ஒரு எஃப் உள்ள ‘ஆவ்’தான் சரி. நாம் இரண்டையும் ஒரே மாதிரி உச்சரிப்பதால் வரும் தப்பு. ‘த வேஸ்ட் வாஸ் டிஸ்போஸ்ட் ஆவ்’ என்று அந்த ‘ஆவ்’ கடைசியில் தொங்கினாலும் சரிதான், வெட்டிவிடாதீர்கள்.

‘ரிட்டர்ன் பேக்’, ‘ரிப்ளை பேக்’. ‘பேக்’ வேலை ஏற்கெனவே ‘ரி’யில் இருக்கிறது. ‘டிஸ்கஸ் அபௌட்’டில் ‘அபௌட்’ தேவையில்லை.

‘பிளீஸ் லாகின் டு த போர்ட்டல்.’ வினையாக வந்தால் ‘லாக் இன்’ என்று இடம் விட்டு இரண்டு சொல். பெயர்ச்சொல்லாக வந்தால் சேர்த்து ஒரே சொல். செட்டப், பேக்கப், செக் அவுட், பிரேக் டவுன் எல்லாவற்றுக்கும் இதே கதை.

‘ஐ பாஸ்ட் அவுட் இன் 2019’ என்று பயோடேட்டாவில் எழுதினால் வெளிநாட்டில் மயங்கி விழுந்ததாகப் படிப்பார்கள். ராணுவப் பயிற்சி முடித்தவர்களுக்கு ‘பாஸிங் அவுட் பரேட்’ உண்டு. மற்றவர்கள் ‘கிராஜுவேட்டட்’ என்று எழுதிவிடலாம்.

கன்னங்குறிச்சி:
பெயர்ச்சொல்லானால் அழுத்தமும் முன்னால் போய்விடும் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். குப்பனூர் ரோட்டில் லாரி நின்றுபோனால் வினையில் ‘டவுன்’ அழுந்தும், ‘த லாரி ப்ரோக் டவுன்’. பெயர்ச்சொல்லில் ‘பிரேக்’ அழுந்தும். சில பெயர்ச்சொற்களில் சின்னச் சொல் முன்னால் வந்து உட்கார்ந்துவிடும்: ‘பிரேக் அவுட்’டிலிருந்து ‘அவுட்பிரேக்’, ‘பிரிங் அப்’பிலிருந்து ‘அப்பிரிங்கிங்’.

ஜங்ஷன்:
எக்ஸாமுக்கு என்ன முக்கியம்னு யாராவது சுருக்கமா சொல்லுங்க. ஜான்சன் காலத்து வரலாறெல்லாம் வேண்டாம் 😀

சேர்வராயன்:
வரலாற்றை இதுவரை யாருமே சொல்லவில்லை, நீங்களே ஜான்சனை இழுத்துவிட்டீர்கள். வினையோடு சின்னச் சொல் சேரும் இந்தச் சேர்க்கையில்தான் வெளிநாட்டார் அதிகம் திணறுகிறார்கள் என்று சாமுவேல் ஜான்சன் 1755-இல் தன் ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே எழுதிவிட்டார். ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்ற பெயரை எழுத்தாளர் லோகன் பியர்சால் ஸ்மித் 1925-இல் தன் நூலில் பயன்படுத்தினார். ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியின் ஆசிரியர் ஹென்றி பிராட்லி யோசனை சொன்ன பெயர் அது. அவ்வளவுதான், தேர்வுக்கு வருவோம்.

ஒரு சொல்லைக் கொடுத்து ஃப்ரேசல் வெர்பாக மாற்றச் சொன்னால் காலத்தைப் பாருங்கள். ‘கேன்சல்ட்’ என்றிருந்தால் ‘கால்ட் ஆஃப்’. காலம் வினையில்தான் ஏறும், பார்ட்டிகிளில் ஒருபோதும் ஏறாது. ‘போஸ்ட்போன்ட்’ என்றிருந்தால் ‘புட் ஆஃப்’. ‘புட்’டுக்கு இறந்தகாலமும் ‘புட்’டேதான், ‘புட்டட்’ என்று ஒன்று இல்லை. ‘டாலரேட்ஸ்’ என்றிருந்தால் ‘புட்ஸ் அப் வித்’, அந்த ‘எஸ்’ஸை விட்டுவிடாதீர்கள். மூன்று சொல் வரும் இந்த வகையில் வரிசை எப்போதும் பார்ட்டிகிள் முதலில், ப்ரெபொசிஷன் அடுத்து. ஆகவே ‘இட்’ கடைசியில்தான் போகும்.

வாய்ஸ் மாற்றும்போது மதிப்பெண் போவது இங்கேதான். ‘த நர்ஸ் லுக்ட் ஆஃப்டர் த பேஷன்ட்’ என்பதைப் பாசிவாக்கினால் ‘த பேஷன்ட் வாஸ் லுக்ட் ஆஃப்டர் பை த நர்ஸ்’. ‘ஆஃப்டர்’, ‘பை’ பக்கத்தில் பக்கத்தில் வருவதைப் பார்த்துப் பயந்து ‘ஆஃப்டர்’ஐ அடித்துவிடுகிறார்கள். அடித்தால் நர்ஸ் நோயாளியைச் சும்மா பார்த்தாள் என்றுகூட ஆகாது, வாக்கியமே போச்சு. ஆப்ஜெக்டே இல்லாத ‘டேக் ஆஃப்’புக்குப் பாசிவ் கிடையாது. ஓமலூர் பக்கம் விமானம் கிளம்பினால் ‘த ஃப்ளைட் டுக் ஆஃப்’, அத்தோடு சரி. செருப்பைக் கழற்றினால் ஆப்ஜெக்ட் வந்துவிடுகிறது, ‘டுக் தெம் ஆஃப்’, பாசிவும் வரும்.

இன்னொன்று, ‘கோ ஆன் ரீடிங்’ என்றால் விடாமல் படிப்பது. ‘கோ ஆன் டு ரீட்’ என்றால் ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததாகப் படிப்பது.

செவ்வாய்ப்பேட்டை:
எல்லாருக்கும் நன்றிங்க. நாளைக்கு வகுப்புல போட அஞ்சு வாக்கியம் எடுத்திருக்கேன், ‘இட்’ அல்லது ‘தெம்’ போட்டு மாத்தி எழுதணும். சரியா பாருங்க.

1. ‘ஹி லுக்ட் அப் த வேர்ட்.’
2. ‘ஹி லுக்ட் அப் த சிம்னி.’
3. ‘தே லுக்ட் இன்ட்டு த கம்ப்ளைன்ட்.’
4. ‘ஷி டுக் ஆஃப் ஹர் பேங்கிள்ஸ்.’
5. ‘ஹி லுக்ட் ஓவர் த அக்கவுண்ட்ஸ்.’

சேர்வராயன்:
முதல் நான்கும் சுத்தம். ‘லுக்ட் இட் அப்’, ‘லுக்ட் அப் இட்’, ‘லுக்ட் இன்ட்டு இட்’, ‘டுக் தெம் ஆஃப்’. முதல் இரண்டையும் அடுத்தடுத்து வைத்தது நல்ல யோசனை. ஐந்தாவதற்கு ‘லுக்ட் தெம் ஓவர்’, அதாவது கணக்கைப் புரட்டிச் சரிபார்த்தான். ஆனால் பையன் ‘லுக்ட் ஓவர் தெம்’ என்று எழுதினால் உடனே சிவப்பு மை போடாதீர்கள், கணக்குப் புத்தகங்களுக்கு மேலாக எட்டிப் பார்த்தான் என்று அர்த்தம் வரும். ‘அக்கவுண்ட்ஸ்’ஐ எடுத்துவிட்டு ‘வால்’ (சுவர்) ஒன்று, ‘பில்’ ஒன்று என இரண்டு வாக்கியமாகப் போட்டுவிடுங்கள். சண்டை வராது.

குரங்குச்சாவடி:
நாலாவதுல பேங்கிள்ஸுக்குப் பதிலா கொலுசு போட்டிருக்கலாம், வெள்ளிக் கொலுசுக்குப் பேர்போன செவ்வாய்ப்பேட்டைக்காரரு 😀

செவ்வாய்ப்பேட்டை:
‘ஆங்க்லெட்ஸ்’ ஸ்பெல்லிங்ல பாதிப் பேர் விழுந்துடுவாங்க. கேள்வி பார்ட்டிகிளுக்குத்தானே, பேங்கிள்ஸே இருக்கட்டும்.